மடித்து வைத்த ஜாக்கெட்

டில்லிக்கு வடக்கே, மலையடிவாரத்துப் போலீஸ் ஸ்டேஷனின் பின்கட்டில், பிடிபட்ட மணல் லாரிகளுக்கும் நசுங்கிய கார்களுக்கும் நடுவே, பிராங்ளினின் புல்லட் ஒரு வருஷமாக நின்றுகொண்டிருந்தது. வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. விபத்து நடந்திருந்தால்தானே கீறல் விழும்.

அவன் தங்கை பெனிட்டா சீட்டைத் தடவிப் பார்த்தாள். மனசில் ஒன்றும் அசையவில்லை. அண்ணன் செத்த நாளிலிருந்தே அவளுக்கு அப்படித்தான். டில்லியில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஐ.சி.யூ. நர்ஸ் அவள். அண்ணனின் உடம்பை வாங்க இதே ஊருக்கு வந்தபோதும் அழவில்லை, டில்லி துவாரகாவில் இருந்த ஃபிளாட்டில் சவப்பெட்டியை இறக்கியபோதும் அழவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் அவள் காதுபடவே கல்நெஞ்சுக்காரி என்று பேசிவிட்டுப் போனார்கள்.

போன ஜனவரியில் பிராங்ளின் தனியாக மலைக்கு வண்டியோட்டிப் போனான். மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் ஒரு வளைவில், மதகுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி செத்துக்கிடந்தான். வண்டி ஒழுங்காக ஸ்டாண்டில் நின்றது. கொட்டுகிற பனிமழையில் அவன் உடம்பில் வெறும் பனியன்தான் இருந்தது. ஜாக்கெட்டும் ஸ்வெட்டரும் கையுறையும் பெட்ரோல் டேங்க்கின் மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

போலீஸ்காரர்களுக்கு அது விளங்கவில்லை. பெனிட்டாவுக்கு விளங்கியது. குளிர் எல்லை மீறினால் உடம்பு பொய் சொல்லும். சூடாக இருக்கிறது, புழுங்குகிறது என்று சொல்லும். அதை நம்பி உடுப்பைக் கழற்றுகிறவன் பிழைப்பதில்லை. இதை அவள் டியூட்டி மாறும்போது நோயாளியைப் பற்றிச் சொல்லும் அதே குரலில் எல்லோருக்கும் எடுத்துச் சொன்னாள்.

அம்மா சிசிலியா மட்டும் போலீஸ் எடுத்த போட்டோவை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கழட்டினது சரிட்டி. மடிச்சு வச்சது யாரு?"

பிராங்ளின் பிறந்ததிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூட மடித்தவன் இல்லை. போட்டோவில் ஜாக்கெட்டின் இரண்டு கைகளும் மார்பின் மேல் குறுக்காகக் கிடந்தன, பிணத்துக்குக் கையைக் கட்டி வைப்பதுபோல.

இப்போது கோயிலில் அவனுக்கு முதல் வருஷப் பூசை வருகிறது. "அவன் வண்டிய அனாதையாப் போட்டுட்டு நான் எந்த மூஞ்சிய வச்சிட்டு கோயிலுக்குப் போவேன்?" என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். லாரியில் ஏற்றுவதற்கும் சம்மதிக்கவில்லை. பெனிட்டா வண்டியை ஓட்டிவரக் கிளம்பும்போது, "எனக்கு மிச்சம் நீ ஒருத்திதாம்ட்டி, பாத்து வா" என்று கண்ணைக் கசக்கினாள். போகச் சொன்னவளும் அவளே, அழுதவளும் அவளே. பெற்றவர்களிடம் நியாயம் பேச முடியுமா?

"பேட்டா, பாரிஷ் ஹை. கல் ஜானா" என்றார் ஏட்டு. மழையாக இருக்கிறது, நாளைக்குப் போயேன் என்று. பூசை நாளைக்குத்தான். அண்ணன் கற்றுக்கொடுத்தபடி ஜாக்கெட்டுக்குள் செய்தித்தாளைச் செருகிக்கொண்டாள். காலுறைக்கு மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டாள். மெக்கானிக் பார்த்துத் தயார் செய்திருந்த வண்டியை உதைத்தாள்.

சமவெளிக்கு இறங்கியதும் பனிமூட்டமும் மழையும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. நடுப்பகல்தான், ஆனால் வெளிச்சம் கழுநீர் நிறத்தில் இருந்தது. கரும்பு லாரிகள் திடீரென்று முளைத்துத் திடீரென்று மறைந்தன. கருகிய சர்க்கரை வாடை அடித்தது. மழைத்தண்ணீர் கழுத்து வழியாக இறங்கிச் செய்தித்தாளைக் கூழாக்கியது. அவ்வப்போது வண்டியை நிறுத்தி, பெருவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தொட முடிகிறவரை பயமில்லை. அது நர்சுகளுக்குத் தெரிந்த கணக்கு.

விரல்கள் மரத்தன. பிறகு பாதம், பிறகு முகம். உள்ளேதான் ஏற்கெனவே மரத்துக்கிடந்ததே, வெளியேயும் அப்படியே ஆனதில் ஒரு பொருத்தம் இருப்பதாகக்கூட அவளுக்குத் தோன்றியது.

அப்போது வண்டியின் பின்பக்கம் மெல்ல அமுங்கியது.

பின்சீட்டில் ஆள் ஏறினால் அமுங்குமே, அப்படி.

பள்ளம் போலிருக்கிறது என்று நினைத்தாள். ஆனால் அமுங்கியது எழும்பவில்லை.

டில்லிக் குளிரில் பின்னால் உட்காருகிறவர்கள் ஓட்டுகிறவரின் ஜாக்கெட் பைக்குள் கையை விட்டுக்கொள்வது வழக்கம். பெனிட்டாவின் இரண்டு பைகளுக்குள்ளும் இரண்டு கைகள் நுழைந்தன.

வெதுவெதுப்பாக இருந்தன.

"ஏட்டி, குளிருதா?"

அண்ணன் குரல். அவள் திரும்பவில்லை. பதில் சொல்லக் கூடாது என்று தெரிந்தும் வாய் சொல்லிவிட்டது.

"ஆமாண்ணே."

அந்தக் கைகளிலிருந்து சூடு வயிற்றில் பரவி நெஞ்சுக்கு ஏறியது. ஒரு வருஷத்தில் முதல்முறையாகப் பெனிட்டாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. பேய் என்று ஓடியிருக்க வேண்டியவள், விட்டுப்போன பேச்சைத் தொடர்வதுபோலப் பேசினாள்.

"அம்மா தினமும் அழுதாண்ணே."

"தெரியும்."

"வீட்டுக்கு வாறியா?"

"கூப்பிட்டா வாறேன்."

"வாண்ணே. வா."

பின்னால் யாரோ நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

"இப்பக் குளிருதா?"

"இல்ல."

"அப்பக் கழட்டிரு. எதுக்கு இம்புட்டு உடுப்பு?"

சரியாகத்தான் பட்டது. புழுங்கியது. ஓரமாக நிறுத்தி ஸ்டாண்ட் போட்டு, கையுறைகளைக் கழற்றி டேங்க்கின் மேல் போட்டாள். ஜாக்கெட்டின் ஜிப்பைப் பாதிவரை இறக்கினாள். குனிந்தபோது கையுறைகள் கண்ணில் பட்டன.

அவற்றை அவள் போட்டது கசங்கலாக.

இப்போது ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக, நீவி மடித்து வைத்திருந்தது.

பெருவிரலைச் சுண்டுவிரலிடம் கொண்டுபோனாள். எட்டவில்லை.

பெனிட்டாவுக்குள் இருந்த நர்ஸ் விழித்துக்கொண்டாள். கூடவே தங்கையும். பிராங்ளின் ஒருநாளாவது அவளுக்குப் பின்னால் இப்படி அடக்கமாக உட்கார்ந்திருக்கிறானா? பின்கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் போட்டி, என்னைக் கொன்னுராத" என்று தெருவே பார்க்கக் கத்துவான். ஹெல்மெட் வார் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் மண்டையில் தட்டுவான். உயிரே போனாலும் கழற்று என்று சொல்ல மாட்டான்.

"நீ யாரு?"

பைக்குள் இருந்த கைகள் இறுகின.

போன வருஷம் இதே கைகள் யாருடைய குரலோடு அண்ணனிடம் வந்தன? செத்துப்போன அப்பாவின் குரலோடா?

அவள் குனிந்து வெறும் உள்ளங்கையை எஞ்சின் மேல் வைத்து அழுத்தினாள். ஒன்றும் தெரியவில்லை. தோல் கருகும் வாடை வந்தது. அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எங்கோ தூரத்திலிருந்து கிளம்பி வருவதுபோல் வலி வந்தது.

"குளிருது!" என்று கத்தினாள். "எனக்குக் குளிருது! குளிருது!"

பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. உடம்பு தூக்கிப்போட்டது. பைகள் காலியாயின.

எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. அடுத்து வந்த சாலையோரச் சாப்பாட்டுக் கடையான டாபாவில் வண்டியோடு சாய்ந்தாள். "அரே பேட்டா, ஹாத் ஜல் கயா!" என்று, கை வெந்துவிட்டதே என்று டாபாக்காரர் பதறினார். அவர் மனைவி ஈர உடுப்பை மாற்றிக் கம்பளியில் சுற்றி, ரொட்டி சுடும் தந்தூர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்து டீயைப் புகட்டினாள். மரத்த கைகால்களில் ரத்தம் ஏற ஏற ஆயிரம் ஊசி குத்தியது. அந்த வலியோடு அண்ணனும் வந்து சேர்ந்தான். வருஷம் முழுக்க வராத அழுகை வந்தது. அவள் வாய்விட்டு, முகம் தெரியாத ஜனங்களுக்கு முன்னால் அழுது தீர்த்தாள்.

மழை சற்று விட்டபின் கிளம்பித் துவாரகா வந்து சேர்ந்தாள். சிசிலியா கீழேயே காத்திருந்தாள். ஊரை விட்டு வந்து எத்தனையோ வருஷமாகியும் குளிர் பழகாத மனுஷி. கார்த்திகையில் மாட்டுகிற ஸ்வெட்டரைப் பங்குனியில்தான் கழற்றுவாள். ஸ்வெட்டரின் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் சால்வை, தலையில் குரங்குக் குல்லா. வண்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு பின்சீட்டில் கையை வைத்தாள்.

"வண்டியெல்லாம் நனஞ்சிருக்கு. இது மட்டும் எப்படிட்டி காஞ்சு கிடக்கு?"

பெனிட்டா சாவியை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள். வழியில் நடந்ததில் ஒரு வார்த்தைகூட அம்மாவிடம் சொல்லவில்லை. டாபாவில் கையில் போட்டுவிட்ட கட்டைப் பற்றி அம்மா கேட்டதற்கு, எஞ்சினில் தெரியாமல் பட்டுவிட்டது என்றாள். உடம்பு சொன்ன பொய், அவ்வளவுதான் என்று தனக்கும் சொல்லிக்கொண்டு, மாத்திரை போட்டுப் படுத்துவிட்டாள்.

காலையில் குளிர்காற்று முகத்தில் அடித்து எழுப்பியது. பால்கனிக் கதவு விரியத் திறந்திருந்தது. வெளியே மழை.

ஹால் நாற்காலியில் சால்வை, இரண்டு ஸ்வெட்டர், காலுறை, குரங்குக் குல்லா.

மடித்திருந்தது.

ஸ்வெட்டர் கைகள் மார்பின் மேல் குறுக்காகக் கிடந்தன.

சிசிலியா பால்கனியில் மெல்லிய பருத்திச் சேலையோடு சாரலில் உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. முகத்தில் அப்படியொரு சிரிப்பு. பெனிட்டா ஓடிப்போய் அவளை உள்ளே இழுத்தாள். கையைத் தொட்டால் பனிக்கட்டி.

"அம்மா, குளிருதுன்னு சொல்லு. சொல்லும்மா!"

"எனக்குக் குளிரவே இல்லியே."

"யம்மா, உன் காலைப் பிடிக்கேன். குளிருதுன்னு ஒருதரம் சொல்லு."

சிசிலியா மகளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்து, பிள்ளைகள் சண்டையை விலக்கி வைக்கிறவள்போல் செல்லமாகக் கடிந்துகொண்டாள்.

"அவன ஏம்ட்டி இப்ப வெரட்டுத? வழியில நீதான வீட்டுக்குக் கூப்பிட்டியாம்."