ஏழாவது புள்ளி

தார்ச்சாலையிலிருந்து இடதுபக்கம் ஒரு மண்பாதை பிரிந்து மரங்களுக்குள் போயிற்று. வேறு யார் பார்த்தாலும் அதில் பயப்பட ஒன்றுமில்லை. வாடகை ஜீப்பில் ஜிபிஎஸ் கருவியை மடியில் வைத்திருந்த தங்கை மட்டும் அதையும் பாதையையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த இடத்தில் பாதை இருக்கக் கூடாது.

"இதுதானேம்மா?" என்றபடியே அண்ணி ஸ்டியரிங்கை ஒடித்தாள்.

"இதுதான் அண்ணி." வேறென்ன சொல்வது?

வரைபடம் போடுவது தங்கையின் தொழில். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் கிடக்கும் இலவச வரைபடத்தை இறக்கி, மலையேறுகிறவர்களுக்கும் காட்டுக்குள் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் ஏற்ற மாதிரி மாற்றித் தருவாள். எங்கே சரிவு, எங்கே ஊற்று, எந்த ஓடையில் சக்கரம் புதையும், எல்லாம் அதில் இருக்கும். அண்ணன் ஓட்டிவிட்டு வந்த தடத்தின்மேல்தான் தங்கை கோடு போடுவாள். அதுதான் அவர்கள் முறை. அண்ணன் தனியாகப் போகிற ஆளும் இல்லை, ஐந்து பேர் ஜீப்பில் ஒன்பது பேரை அடைப்பான். கேட்டால், "மனசிருந்தா புளிய இலையில பத்துப் பேர் படுக்கலாம்" என்று சிரிப்பான்.

ஒரு வாரம் அவனுக்குக் காய்ச்சல். படத்தின் கீழ்மூலை வெறிச்சென்று கிடந்தது. புதுப்படம் எப்போது என்று ஆளாளுக்கு நச்சரித்தார்கள். வானிலிருந்து எடுத்த புகைப்படத்தில் மரங்களுக்கு நடுவே வெளிறிய கீறல் ஒன்று தெரிந்தது. பாதையாக இருக்கலாம், மேகத்தின் ஓரமாகவும் இருக்கலாம். நாற்காலியில் சம்மணம் போட்டபடி ஏழு புள்ளிகளைத் தட்டினாள். கணினி அவற்றை நேர்கோடுகளால் சேர்த்துவிட்டது. முந்தின சாலைக்கு வைத்திருந்த 'ஒருவழி' என்ற குறியும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. அதை அழிக்கக்கூட அவளுக்குச் சோம்பல்.

"இது யாரு போன தடம்?" என்று அண்ணன் கேட்டான்.

"யாரோ ஒருத்தர் அனுப்பினாருண்ணா." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள்.

அவன் அந்தத் தடத்தில் போய், திரும்பி வராமல், இன்றோடு பதினோரு நாள். தேடும் குழு இதே இடத்துக்கு வந்து பார்த்துவிட்டு, பாதையே கிடையாது, வெறும் மரம்தான் என்று கையை விரித்துவிட்டது. அண்ணி நம்பவில்லை. உன் படம் என்றைக்கும் பொய் சொன்னதில்லை, நீ கூட்டிப்போ என்று அழுதாள். இங்கே வந்ததும் மரங்களைக் காட்டி, உண்மையைச் சொல்லி, அண்ணியின் காலில் விழுந்துவிடலாம் என்றுதான் தங்கை கிளம்பினாள்.

ஆனால் இங்கே மரங்கள் விலகி வழிவிட்டு நின்றன.

பிற்பகல் மூன்று மணிதான். ஆனால் உள்ளே வெளிச்சம் பழைய துணியைப் போல நிறம் மங்கியிருந்தது. ஈர இலையின் வாசனை முதலில் குறைந்து, பிறகு ஜீப்பின் டீசல் வாசனையும் குறைந்து, கடைசியில் மூச்சை எவ்வளவு இழுத்தாலும் எதுவுமே மணக்கவில்லை. சக்கரத்தடியில் ஒரு கல் நொறுங்கவில்லை, ஒரு குச்சி முறியவில்லை. எத்தனையோ மலைப்பாதை பார்த்தவள் அவள், ஒவ்வொன்றும் பாறைக்கும் மரத்துக்கும் வழிவிட்டு வளைந்து நெளிந்துதான் போகும். இது நேராகப் போயிற்று. பிறகு ஒரே இடத்தில் படக்கென்று ஒடிந்து, மறுபடி நேராகப் போயிற்று.

"ஸ்கேல் வச்சு ரோடு போட்டிருக்கானுங்க பாரு," என்றாள் அண்ணி. சிரிக்கத்தான் முயன்றாள்.

இரண்டாவது புள்ளி. மூன்றாவது. தங்கை தட்டிய அதே இடத்தில், அதே கோணத்தில்.

தங்கையால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "நிறுத்துங்க அண்ணி. இப்படி ஒரு பாதையே கிடையாது."

"என்னம்மா உளர்ற? இதுல தானே போயிட்டிருக்கோம்?"

"யாரும் அனுப்பல. நானா சும்மா போட்டேன். அண்ணன்கிட்ட பொய் சொன்னேன்."

அண்ணி பிரேக்கை மிதிக்கவில்லை. திரும்பி அவளைப் பார்த்தாள். கோபப்படுவாள், அறைவாள் என்று தங்கை காத்திருந்தாள், அறைந்திருந்தால் தேவலை. "அவரு உன்னை நம்பித்தானே போனாரு," என்றாள் அண்ணி மெல்ல. பிறகு, "சரி, திரும்பிடலாம். ஆளுங்களைக் கூட்டிட்டு வரலாம்," என்றாள்.

தங்கை பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்கண்ணாடியை ஒட்டி ஒரு மரம் நின்றது. பாசி படிந்த கிழட்டு மரம். அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னாலும். வந்த பாதை இல்லை.

ஒருவழி.

"ரிவர்ஸ் விழ மாட்டேங்குது," என்றாள் அண்ணி.

பிரேக்கை மிதித்தாள். ஜீப் நிற்கவில்லை. சாவியைத் திருகிப் பிடுங்கினாள். எஞ்சின் அடங்கியது. ஜீப் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது, சத்தமில்லாமல்.

ஐந்தாவது புள்ளி.

தங்கை கதவைத் திறந்து காலை நீட்டினாள். கீழே தரை இல்லை. பள்ளமும் இல்லை, பனியும் இல்லை. வெள்ளை. வரையாமல் விட்ட மூலையின் வெள்ளை. காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். அண்ணியின் கை அவள் கையைத் தேடிப் பிடித்தது, விரல்கள் கோத்துக்கொண்டன.

ஆறாவது. கடைசி ஒடிவு.

கருவியில் எண் இறங்கியது. ஏழாவது புள்ளிக்கு நாற்பது மீட்டர். முப்பது.

எதிரே அண்ணனின் ஜீப்.

"என்னங்க!" என்று அண்ணி அலறினாள். அவனேதான். ஓட்டுநர் இருக்கையில், உயிரோடு.

ஆனால் ஜீப் மட்டும் அங்கே நிற்கவில்லை. ஒரு மோட்டார் சைக்கிளும் நின்றது. பக்கத்தில் அல்ல. அடியில் அல்ல. அதே இடத்தில். ஜீப்பின் முன்மூடியிலிருந்து அதன் கைப்பிடி முளைத்திருந்தது, ஒரு கீறல் இல்லாமல், இரண்டும் கூடவே பிறந்த மாதிரி. யாரோ ஒருவரின் ஊன்றுகோல் கதவில் நுழைந்து இருக்கையில் வெளிவந்தது. அவள் படத்தை இறக்கிக்கொண்டவர்கள்.

எல்லோரும் கோட்டின் முடிவுக்கு வந்தவர்கள். முடிவு ஒரு புள்ளி. புள்ளிக்கு நீளம் கிடையாது. அகலம் கிடையாது.

பன்னிரண்டு மீட்டர்.

அண்ணன் தலையைத் தூக்கினான். அவன் கன்னத்துக்குள் இன்னொருவரின் காது இருந்தது. அவன் நெஞ்சில் மூச்சு ஏறி இறங்கியது, அதற்குள் வேறொரு மூச்சு வேறு தாளத்தில் ஏறி இறங்கியது. கண்கள் மூடித் திறந்தன. முதலில் அவனுடையவை. பிறகு, கொஞ்சம் கீழே, மற்றவை.

ஏழு மீட்டர்.

தங்கையைப் பார்த்து அண்ணன் சிரித்தான். பழைய சிரிப்பு.

"வா, வா. மனசிருந்தா புளிய இலையில…"

அவன் முடிக்கவில்லை. மிச்சத்தை உள்ளேயிருந்து எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள், ஒரே வாயால்.

மூன்று.

முட்டும் சத்தம் கேட்கவில்லை. அண்ணி கத்துவதும் கேட்கவில்லை. தங்கை குனிந்து, கோத்திருந்த கைகளைப் பிரிக்கப் பார்த்தாள். ஒரே ஒரு கைதான் இருந்தது, பத்து விரல்களோடு.