ஆறாவது பாறை

ஸம்றாவின் கமராவுக்குள் ஆறு பாறைகள் இருந்தன. வெளியே நின்றவை ஐந்துதான்.

முதலில் ஏதோ தூசி என்று நினைத்தாள். ஷால் முனையால் லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினாள். பாணமையைத் தாண்டி, தார் ரோட்டும் முடிந்து, வேன் புழுதி குடித்துக்கொண்டு வந்து சேர்ந்த அந்த மணல்வெளியில் ஐந்து பாறைகள், கீழே ஒடுங்கி மேலே உருண்டு, அசர் தொழுகை நேரத்து மாலை வெயிலில் சிவந்து நின்றன. நீர் வற்றிய களப்பின் சேற்று மணமும், சூடேறிய கல்லின் மணமும், எங்கோ கிடந்த யானை லத்தியின் மணமும் காற்றோடு கலந்து வந்தன. கமராத் திரையில் மட்டும், வலது ஓரத்தில், மற்றவற்றை விடக் கட்டையாக இன்னொன்று.

"ராத்தா, இதப் பாருங்களன்." தங்கை றுஸ்தா தன் கமராவை நீட்டினாள்.

அவளுடைய படத்தில் பாறைகள் ஐந்துதான். அவற்றின் நிழல்கள் மணல் மடிப்புகளில் உடைந்து உடைந்து ஓட, சரியாக நடுவில் ஒரு மயில் கழுத்தைத் திருப்பியிருந்தது. ஸம்றாவும் அதே இடத்தில்தான் நின்றாள். அவளுக்கு எந்த மயிலும் வரவில்லை.

"பரவால்ல" என்றாள்.

வேன் கதவில் சாய்ந்து நின்ற ஸம்றாவின் கணவன் அப்ராஸ் எட்டிப் பார்த்தான். "மாஷா அல்லாஹ். இவட கைல என்னமோ ஒண்டு இரிக்கி ஸம்றா. நீயுந்தான் எத்தின வருஷமா எடுக்கிறாய்."

வயிறு எரிந்தது. வெட்கமில்லாமல் எரிந்தது. பள்ளிக்கூடத்தில் படிப்பித்த சம்பளத்தில் மிச்சம்பிடித்து வீட்டுக்கு முதல் கமரா வாங்கி வந்தவள் ஸம்றா. அதைத் தங்கையின் கையில் கொடுத்துப் பழக்கியவளும் அவள்தான். கொழும்பில் ஒரு கம்பனி அடிக்கும் கலண்டருக்கு நான்கு வருடமாகப் படம் அனுப்புகிறாள்; ஒரு பதில் இல்லை. போன வருடம் றுஸ்தா விளையாட்டாக அனுப்பிய ஒன்று அட்டைப்படமாகவே வந்துவிட்டது. கல்முனையில் எந்தக் கடைக்குள் போனாலும் அது சுவரில் தொங்கிக்கொண்டு அவளைப் பார்த்தது. இந்த வருடத்துப் படம் நாளைக்குள் போய்ச் சேர வேண்டும். இந்தப் பாறைகளை விசாரித்துக் கண்டுபிடித்தவள் ஸம்றா. றுஸ்தாவையும் வேனில் ஏற்றியவன் அப்ராஸ்.

றுஸ்தா கைக்குழந்தையாக இருந்தபோது, பார்க்க வருகிறவர்கள் "மாஷா அல்லாஹ்" சொல்லுகிறார்களா என்று உம்மா காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார். சொல்லாமல் போனவர்கள் படலையைத் தாண்டியதும் உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துப் பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போடுவார். ஒன்று மனதுக்குப் பிடித்தால் அந்தச் சொல்லைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நம்முடைய கண் அங்கேயே நின்றுவிடும் என்பார். வகுப்புப் பிள்ளைகள் கீறும் கோணல் சித்திரங்களுக்குக்கூட ஸம்றா அதைச் சொல்லுகிறவள்தான். தங்கையின் படத்துக்கு மட்டும், கலண்டர் வந்த நாளிலிருந்து, அவள் நாக்கு எழும்பவில்லை.

றுஸ்தா செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறைகளை நோக்கி நடந்தாள். ஸம்றா அந்தப் பக்கமாக இன்னொரு படம் எடுத்தாள். திரையில் ஆறாவது பாறை வலது ஓரத்தில் இல்லை. றுஸ்தாவுக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்றது. தலையை நிமிர்த்திப் பார்த்தாள். வெறும் மணல், அதில் தங்கையின் காலடிகள், கானல். கமரா பழுதாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கமரா பழுதானால் பாறை நடக்குமா என்ற கேள்வியை மனதுக்குள்ளேயே அமுக்கினாள்.

"மஃரிபுக்கு முந்தி, இருட்டுறதுக்குள்ள வெளிக்கிடணும், யானை இறங்கிரும்" என்று சொல்லிவிட்டு அப்ராஸ் வேனைத் திருப்பப் போனான்.

றுஸ்தா திரும்பி வந்தபோது ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாள். "கால் விறைக்கிது ராத்தா. இந்த வெயில்லயும் மணல் குளிருது." பிறகு கமராவைக் காட்டினாள். பாறையின் இடுப்பில் காற்று செதுக்கிய வரிகள், அந்த வரிகளுக்குள் ஒதுங்கிக்கிடந்த ஒரு பல்லி. ஸம்றாவின் கண் அதிலேயே நின்றது. அவ்வளவு நல்ல படம்.

"இதத்தான் அனுப்பலாமெண்டு இரிக்கன். ஆனா நீங்க ஒரு மாஷா அல்லாஹ் சொன்னாத்தான்." றுஸ்தா சிரித்தாள், பிறகு சிரிப்பை விட்டாள். "ஒரு வருஷமா நீங்க எனக்கு அதச் சொல்லல்ல ராத்தா. நான் கவனிச்சன்."

ஸம்றா மேற்கே திரும்பிக்கொண்டாள். "வெளிச்சம் போகுது. அந்தப் பாறைக்கிட்டப் போய் நில்லுகா. உன்ன வெச்சி ஒண்டு எடுப்பம்."

அவள் போனாள். காலை இழுத்துக்கொண்டே போனாள். மணலில் ஒரு பக்கம் காலடி, மறுபக்கம் நீளமாக ஒரு கோடு.

ஸம்றா கமராவைத் தூக்கினாள். ஐந்து பாறைகள். அவற்றின் முன்னால் றுஸ்தா. அவள் முதுகை ஒட்டி ஆறாவது.

கமராவிலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்தாள். தங்கையின் பின்னால் ஒன்றுமில்லை.

காற்று நின்றது.

"ராத்தா." றுஸ்தாவின் குரல் தடித்திருந்தது, வாய்க்குள் மணல் போனது போல. "காலத் தூக்க ஏலாமக் கிடக்கு."

இரண்டு சொல் போதும். ஸம்றாவுக்குத் தெரியும். அந்தப் பாறை ஏன் ஒவ்வொரு முறையும் கிட்ட வந்தது என்றும், யாருடைய கண் அது என்றும் தெரியும். வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது.

"ராத்தா, இஞ்ச வாங்களன்."

ஓட வேண்டும். போய்க் கையைப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் மேற்கே காட்டு மரங்களுக்கு மேல், மேகத்தின் அடியால் சூரியன் ஒரு கணம் வெளியே வந்தது. மணல் முழுக்கத் தங்கம். பயந்துபோன அந்த முகத்தில் தங்கம். நான்கு வருடமாக அவளுக்குக் கிடைக்காத வெளிச்சம்.

நாக்கு அசையவில்லை.

விரல் அசைந்தது.

பிறகு தலையை நிமிர்த்தப் பயந்து நின்றாள். தங்கை கூப்பிடவில்லை. மணலில் ஒரு சத்தமும் இல்லை. வேன் பக்கம் அப்ராஸின் போனில் மஃரிப் தொழுகைக்கான பாங்கு ஒலித்தது. அதற்குப் பிறகுதான் பார்த்தாள்.

எண்ணினாள். ஆறு.

ஆறாவது, கட்டையாக, சற்று முன்னால் குனிந்து நின்றது. அதன் கழுத்தில் றுஸ்தாவின் கமரா தொங்கியது. காற்றே இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"கெதியா வாங்க ரெண்டு பேரும்" என்று அப்ராஸ் கூப்பிட்டான். "ஸம்றா, றுஸ்தா எங்க?"

ஸம்றா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லில் மடிப்பு மடிப்பாக ஒரு ஷால். அவளை நோக்கி நீண்ட ஒரு கை. வாய் இருக்க வேண்டிய இடம் திறந்தபடி. எல்லாவற்றின் மேலும் அந்தத் தங்க வெளிச்சம். றுஸ்தா எடுத்த எந்தப் படமும் இதற்குக் கிட்ட வராது.

"மாஷா அல்லாஹ்" என்றாள் ஸம்றா. தடங்கலில்லாமல் வந்தது.