பிள்ளைத் தகடு

பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், பூசை அறை வாசலில் ஓர் ஈரக்கால் பதிந்திருந்ததைப் பரிபூரணம் பார்த்தாள். ஒற்றைக் கால். ஏழு வயதுப் பிள்ளையின் கால் அளவு. குதிகால் பக்கம் கொஞ்சம் சறுக்கி, ஐந்து விரலும் தெளிவாக, சிவப்புச் சிமெண்டுத் தரையில் அச்சாக இருந்தது. அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் கிடையாது. பதினோரு வருசமாக அந்த வீட்டின் குறையே அதுதான்.

"செல்லத்தாயி, யாரும் உள்ள வந்தாகளா?"

வீட்டு வேலைக்கு வரும் செல்லத்தாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். வாய் அதிகம், மனசு வெள்ளை. "இந்த வேனா வெயில்ல ஆரும்மா வருவா? கதவு சாத்தித்தான கெடக்கு. செத்த நேரம் படுங்க. மாசமா இருக்கையில கண்ணு என்னத்தையாவது காட்டும்."

மாசம் ஆறு. மூன்று தடவை தங்காமல் போன வயிற்றில், முப்பத்தைந்து வயதில், ஆறு மாசம். பரிபூரணம் வயிற்றைத் தாங்கிக்கொண்டு குனிந்தாள். அதற்குள் அந்தக் கால்தடம் காய்ந்துவிட்டது. காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கடல் தண்ணீரின் கரிப்பு. இராஜபாளையத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருந்தது. பூசை அறையில், அம்மன் படத்துக்குப் பின்னால், மஞ்சள் துணியில் முடிந்து வைக்கப்பட்டிருந்தது.

தொண்ணூற்றிரண்டு புரட்டாசியில் அவள் புருசன் சௌந்தரபாண்டியன் அவளைக் கிரீஸ் தேசத்துக்குக் கூட்டிப்போனார். அவர் பேண்டேஜ் துணி நெய்து ஏற்றுமதி செய்கிறவர். அவரிடம் சரக்கு எடுக்கும் யானிஸ் என்கிற வியாபாரி, "வீட்டம்மாவோடு வாருங்கள், என் மனைவி பிறந்த தீவில் நாலு நாள் இருந்துவிட்டுப் போங்கள்" என்று எழுதியிருந்தார். மூன்றாவதும் கலைந்து, பரிபூரணம் வாய்திறந்து பேசுவதையே மறந்திருந்த நேரம் அது. இடம் மாறினால் மனசு மாறாதா என்ற நப்பாசையில் பாண்டியன் டிக்கெட் எடுத்தார்.

சின்னத் தீவு. கழுதை போகிற சந்துகள், சுண்ணாம்பு அடித்த வீடுகள், எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். மத்தியானம் ஆனால் ஊரே கதவைச் சாத்திப் படுத்துவிடும். காற்று மட்டும் நடமாடும். அப்படி ஒரு மத்தியானம் பாண்டியன் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, அவள் தனியே நடந்து மேட்டிலிருந்த ஒரு மாதா கோயிலுக்குள் போனாள். நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும் கோயில். மெழுகும் சாம்பிராணியும் மணத்தன. மாதா படத்தின் கீழே கயிற்றில் வரிசையாகத் தகடுகள் தொங்கின. கண், கை, கால், இருதயம். அட, நம்ம கண்மலர்! ஏழு கடல் தாண்டி வந்தும் அம்மன் என்னைக் கைவிடலையே என்று அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஓரத்தில், தனி ஆணி ஒன்றில், பிள்ளை உருவம் பொறித்த ஒரு பிள்ளைத் தகடு தொங்கியது.

அவள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருவின் மாரியம்மன் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையில்லாதவள் காணிக்கை போட்டுவிட்டு, அம்மன் காலடியில் குவிந்து கிடக்கும் பிள்ளைத் தகடுகளில் ஒன்றை எடுத்து மடியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோவாள். பிள்ளை பிறந்ததும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பி வைப்பாள். யாரிடமும் கேட்க வேண்டாம், கேட்கவும் கூடாது. பரிபூரணம் கையிலிருந்த அந்த ஊர்க் காசு முழுவதையும் பெட்டியில் போட்டாள். தகட்டை எடுத்து வயிற்றில் ஒற்றிக்கொண்டாள். "தாயே, ஒண்ணுக்கு ரெண்டாத் தாரேன்" என்று வாய்விட்டுச் சொல்லி, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் கப்பல் கிளம்பும்போது கறுப்பு உடுப்புப் போட்ட ஒரு பொம்பளை செருப்புகூட இல்லாமல் கரையோரம் ஓடிவந்தாள். கையை நீட்டி நீட்டி என்னவோ கத்தினாள். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை.

"நம்மளத்தான் வழியனுப்புதா போல. எம்புட்டுப் பாசம் பாருங்க" என்றாள் பரிபூரணம். தானும் கையை ஆட்டினாள்.

அடுத்த மாசமே தலைக்குக் குளிக்கவில்லை.

முதல் கால்தடத்தைப் பார்த்த நாளிலிருந்து அது தினமும் வந்தது. பக்கத்து மில்லில் மத்தியானச் சங்கு ஊதி ஓய்ந்ததும், பின்கட்டில் தறிகளின் இரைச்சலுக்கு நடுவே, நனைந்த காலின் சளப் சளப் என்ற சத்தம் பட்டாசல் கூடத்தின் வழியாக வரும். பூசை அறை வாசலில் நிற்கும். பாசியும் மீனும் கலந்த வாடை லேசாக எழும். பயம் இல்லை என்றால் பொய். ஆனால் பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. வயிற்றில் இருப்பதுதான் முன்கூட்டியே வீட்டைச் சுற்றிப் பார்க்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். வாசலில் கடலை மிட்டாய் வைத்தாள். "வா ராசா, எல்லாம் ஒன் வீடுதான்" என்று கொஞ்சினாள். மிட்டாய் சாயங்காலம் உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடக்கும்.

பங்குனிக் கடைசியில் யானிஸ் எழுதிய கடிதம் வந்தது. பாண்டியன் படித்துப் படித்துத் தமிழில் சொன்னார். தீவில் கலியோப்பி என்று ஒருத்தி. அவள் மகனை, ஏழு வயதுப் பையனை, கடல் கொண்டுபோய்விட்டது. உடம்பு கிடைக்கவில்லை. அவன் கரை சேரும்வரை இருக்கட்டும் என்று அவள் மாதாவுக்கு ஒரு தகடு மாட்டியிருந்தாள். இவர்கள் வந்துபோனதிலிருந்து அதைக் காணோம். அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, கரையிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

"'உங்க வீட்டம்மா தெரியாம எடுத்திருந்தா அனுப்பிருங்க'ன்னு எழுதிருக்காரு. ஏ பூரணம், நீ எடுத்தியா?"

வயிற்றில் பிள்ளை உதைத்தது. நல்ல உதை. அந்த முடிச்சை அவிழ்த்தால் இதுவும் தங்காது என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது.

"நான் எதுக்குங்க எடுக்கேன்?"

பாண்டியன் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மூணே மாசம், பிள்ளை பிறந்ததும் இரண்டு தகடாகச் செய்து நானே அனுப்பிவிடுகிறேன் என்று அவள் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பெத்த மனம் பித்து என்பார்கள். பெறாத மனம் அதைவிடப் பித்து.

அன்று மத்தியானம் கால்கள் வந்து நின்றபோது, அவை யாருடையவை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"கண்ணு... ஒங்கம்மாகிட்ட போணுமா?"

பூசை அறைக்குள் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு தேம்பல். அம்மாவைத் தேடி அழுது களைத்த பிள்ளையின் தேம்பல். பரிபூரணமும் உடன் சேர்ந்து அழுதாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள். ஆனாலும் முடிச்சை அவிழ்க்கவில்லை.

சித்திரையில் வளைகாப்பு நடந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். மறுநாள் காலையில் அண்ணன் வந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போவதாகப் பேச்சு. அதற்கு முன்னால் தபால்காரர் வந்துவிட்டார். யானிஸின் கடிதத்தைப் பாண்டியன் வாசலில் நின்றபடியே படித்தார்.

"பாவம், அந்தப் பொம்பள கடலுக்குள்ள நடந்து போயிட்டாளாம். அவ ஒடம்பும் கெடைக்கலயாம்" என்றார். "ஒங்கண்ணன் பத்து மணிக்கு வாரேன்னாரு, ஆளக் காணோம். நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ப் பாத்துட்டு வாரேன்." செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

செல்லத்தாய் கடைக்குப் போயிருந்தாள். மில் சங்கு ஊதியது. சங்கு ஓயவும் கரண்ட் போனது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நெசவாட்கள் சாப்பாட்டுத் தூக்கோடு வெளியேறும் பேச்சுச் சத்தமும் தேய்ந்து நின்றது. கட்டிலில் படுத்திருந்த பரிபூரணத்துக்குச் சன்னல் வழியே பின்முற்றம் தெரிந்தது. வெளுத்துக் காயப்போட்ட பேண்டேஜ் துணிகள் கொடி கொடியாக, வெள்ளை வெள்ளையாகத் தொங்கின. காற்றே இல்லை.

கடைசி வரிசைத் துணி அசைந்தது.

அதற்கு முந்தைய வரிசை அசைந்தது. காய்ந்து மொடமொடப்பாக இருந்த துணி, அடியிலிருந்து மேலாக நனைந்துகொண்டே வந்தது. வெள்ளைக்குப் பின்னால் ஏதோ கறுப்பு. ஆள் உயரம்.

முன்வரிசை நனைந்தது.

பின்கதவு திறக்கவில்லை. ஆனால் சத்தம் உள்ளே வந்துவிட்டது. சளப். கனமான கால். சளப். பூசை அறைப் பக்கமிருந்து சின்னக் கால்கள் தடதடவென்று ஓடின. ஓடிப்போய்ச் சேர்ந்தன. பிறகு சத்தம் இல்லை.

பரிபூரணம் எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டே போய் அம்மன் படத்தின் பின்னால் கைவிட்டு முடிச்சை எடுத்தாள். பல்லால் அவிழ்த்தாள்.

"எடுத்துக்க தாயி. தெரியாமச் செஞ்சிட்டேன். எடுத்துக்க. போயிரு!"

தகடு தரையில் விழுந்து சுழன்று அடங்கியது.

பெரிய கால் தகட்டைத் தாண்டியது. நிற்கவில்லை. ஒவ்வோர் ஈர அச்சாக அவளை நோக்கி வந்தது. அவள் பின்னால் நகர்ந்தாள். கட்டில் தட்டியது. உட்கார்ந்துவிட்டாள். அச்சு அவள் காலுக்கு எதிரே வந்து நின்றது. பாசி வாடை. கண்ணுக்குத் தெரியாத ஒரு குளிர்ந்த உள்ளங்கை அவள் வயிற்றில் அமர்ந்தது. முரட்டுத்தனமே இல்லை. தாய் பிள்ளையை எழுப்புவது போல மெல்லத் தடவியது.

வளையல்கள் எல்லாம் ஒருமுறை குலுங்கின. அவள் கையை அசைக்கவே இல்லை.

பிறகு குளிர் விலகியது.

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள். வயிற்றைத் தொட்டாள். அழுத்திப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். "ராசா" என்று கூப்பிட்டாள். இன்னொரு தரம் கூப்பிட்டாள்.

கட்டிலடியிலிருந்து பின்வாசல் வரைக்கும் ஈரக் கால்தடங்கள் போயிருந்தன. நடுவில் பெரிய கால். அதன் வலப்பக்கம் ஏழு வயதுக் கால். இடப்பக்கம், கையைப் பிடித்துத் தூக்கித் தூக்கி நடத்திக் கூட்டிப்போனது போல, ஒரு சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத இரண்டு கால்கள். படியைத் தாண்டி, நனைந்த துணிகளின் அடியில், வெயிலில் அவை ஒவ்வொன்றாகக் காய்ந்து உப்பாகிக்கொண்டிருந்தன.