காளான் குழம்பும் மிர்வாவின் கால்களும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மிர்வா கட்டிலிலிருந்து இறங்கினாள். கால்கள் அவளோடு இறங்கவில்லை. தரையில் விழுந்தவள் கணவனைக் கூப்பிடவில்லை. அவன் தூங்கட்டும் என்று, வெயில் ஊர்ந்து வரும் மரத்தரையைப் பார்த்தபடி வெகுநேரம் கிடந்தாள்.

மதியம் இரண்டு மணிக்கு அவள் கணவன் தனெலி, அவளை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, காவல் நிலையத்தில் வந்து நின்றான். நேற்றிரவு விருந்தில் மிர்வாவின் அக்கா ஐலா விஷம் வைத்துவிட்டாள் என்றான்.

அந்த ஏரிக்கரை ஊரில் அன்று பணியில் இருந்தது ரைலி. ஓய்வு பெற நான்கு மாதங்கள் இருந்தன. குடும்பங்களின் சண்டைகளைக் கேட்டுக் கேட்டு, யார் எதைச் சொன்னாலும் முன்பே கேட்டதுபோல்தான் அவளுக்கு இருந்தது.

“என்ன சாப்பிட்டீங்க?”

“காளான் குழம்பு. மூளை மாதிரி சுருண்டு இருக்குமே, அது. பச்சையா விஷம், வேகவெச்சுத்தான் திங்கணும். ரெண்டு தடவை வேகவெச்சு தண்ணியக் கொட்டினேன்னு ஐலா சொன்னா. யாரு பார்த்தா?”

“நீங்க சாப்பிடலையா?”

“ஒரு கரண்டி. ஐலா தொடவே இல்ல. அதை எழுதிக்கோங்க.”

“அக்கா தங்கச்சிக்குள்ள என்ன?”

“அம்மா செத்ததுலேருந்து நாலு வருஷமா பேச்சே இல்ல. கோடை வீடு யாருக்குன்னு தகராறு. திடீர்னு போன வாரம் விருந்துக்குக் கூப்பிட்டா. எனக்கு அப்பவே உதைச்சுது.”

திங்கள் காலை, மருத்துவமனை. நரம்பு மருத்துவர் லிண்ட்ரூஸ் இரவெல்லாம் தூங்காத முகத்தோடு கதவைத் திறந்தார்.

“காளான் விஷம்னா வாந்தி வரும், ஈரலைப் பிடிக்கும். இவங்களுக்கு ரெண்டுமே இல்ல. தண்டுவடம்தான் வீங்கியிருக்கு, முதுகு நடுவுல. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல, சிறுநீர் தானா போகல.”

“எதனால?”

“அம்மை வைரஸால வரலாம். உண்ணிக் கடியால வரலாம். வேற நரம்பு நோயோட ஆரம்பமா இருக்கலாம். உடம்பே தன்னைத் தாக்கிக்கிட்டும் வரலாம். நிறையப் பேருக்குக் காரணமே கிடைக்கறதில்ல. தொற்று இல்லைன்னு வந்தாச்சு. வேற என்ன தொந்தரவுன்னு மிர்வாவைக் கேட்டேன். ஒண்ணுமில்லைன்னாங்க.”

“ஒண்ணுமில்லைன்னுதான் சொல்லுவாங்க. இந்த ஊர்ல தன் மேல மரம் விழுந்தவனும் அதைத்தான் சொல்லுவான்.”

லிண்ட்ரூஸ் சிரிக்க முயன்றார். “வீக்கத்துக்கு மருந்து ஏத்திட்டிருக்கோம். ஆனா காரணம் தெரியணும், ரைலி. உடம்பே தாக்கறதுன்னா, விட்டா மறுபடி வரும். அடுத்த தடவை கைக்கும் ஏறலாம்.”

மாலை ஐலாவின் சமையலறை. அறுபது வயது. காப்பியை ஊற்றிவிட்டு, எதிரே உட்காராமல் நின்றாள்.

“நீங்க ஏன் குழம்பைத் தொடல?”

“இறங்கல. நாலு வருஷம் கழிச்சு அவ எதிர்ல உட்கார்ந்திருக்கா. இதுக்கு ஜெயில் உண்டா?”

“கோடை வீட்டுக்காகவா பேச்சை நிறுத்தினீங்க?”

“வீடு கிடக்கு! அம்மாவைப் புதைக்கறப்போ இவ கண்ணுல ஒரு சொட்டு வரல. கைக்குட்டைகூட எடுக்கல. ஊரே பார்த்துது. அவ மனுஷியே இல்ல, கல்லு. சனிக்கிழமைகூட, சாப்பாட்டுக்கு முன்னாடி ரெண்டு பேரும் சௌனாவுல, அந்த நீராவி அறையில, வேர்க்க உட்கார்ந்திருந்தோம். அவ முழங்காலு அடுப்பு இரும்புல ஒட்டிக்கிட்டு இருக்கு. தோல் வெந்து வாசனை வருது. நான்தான் கத்தி இழுத்தேன். அவ ‘அடடா’ங்கறா. கல்லுக்கு வலிக்குமா?”

ரைலி கோப்பையைக் கீழே வைத்தாள். “சாப்பாட்டுக்கு முன்னாடியா?”

“பின்ன? வயிறு நிறைய தின்னுட்டு யாராவது சௌனாவுக்குப் போவாங்களா?”

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ரைலிக்குத் தன்மேலேயே சலிப்பு வந்தது. அழாதவர்களைச் சந்தேகப்படு என்று யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. தானாகவே கற்றுக்கொண்டிருந்தாள். எத்தனை பேரின் கன்னத்தை அவள் இப்படி உற்றுப் பார்த்திருப்பாள்? ஐலா சொன்னதும் தன் மனம் உடனே மிர்வாவிடமிருந்து சற்று விலகி நின்றதை அவள் கவனித்தாள்.

செவ்வாய் காலை மிர்வா கறுப்பு ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு கடிக்கும் ஒரு வாய் தண்ணீர். கண்கள் சிவந்திருந்தன, இமையோரம் காய்ந்திருந்தது.

“ரொட்டி இறங்கலையா?”

“வாயில எச்சில் கம்மி. பல வருஷமா இப்படித்தான். பல் டாக்டர்கிட்ட சொல்லியிருக்கேன். பாதிப் பல்லு போயிடுச்சு.”

“கண்ணு?”

“மணல் விழுந்த மாதிரி உறுத்தும். மூக்குக்கண்ணாடிக் கடையில சொட்டு மருந்து தந்தாங்க.”

“விரல் மூட்டு வீங்கியிருக்கே?”

“குளிருக்கு. மருந்துக்கடைக்காரிகிட்ட சொன்னேன், தைலம் குடுத்தா.”

“இதையெல்லாம் லிண்ட்ரூஸ்கிட்ட ஏன் சொல்லல?”

“அவர் காலைப் பத்தில்ல கேட்டாரு?”

ரைலி நாற்காலியை அருகே இழுத்தாள். “கடைசியா எப்ப அழுதீங்க?”

மிர்வா ரொட்டியைத் தட்டில் வைத்தாள். “வராது. அம்மா போனப்போகூட எரிச்சல்தான் வந்துது. உள்ள என்னமோ பண்ணுது, வெளியில ஒண்ணும் வரல. ஐலா என்னையே பார்த்துக்கிட்டு நின்னா. அவகிட்டப் போய் என்னன்னு சொல்றது?”

ரைலி சொன்னதைக் கேட்ட லிண்ட்ரூஸ், கண்ணீரை அளக்க மெல்லிய காகிதப் பட்டையை மிர்வாவின் கீழிமையில் செருகினார். எடுத்தபோது செருகியது போலவே உலர்ந்திருந்தது. மறுநாள் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது.

புதன் மாலை, மருத்துவமனைக் கூடத்தில் தனெலியையும் ஐலாவையும் ரைலி வரவழைத்திருந்தாள். இருவரும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள்.

“சௌனாவுல கால் வெந்தப்பவே உணர்ச்சி போயிடுச்சு. குழம்பு அடுப்புலேருந்து அப்புறம்தான் இறங்கிச்சு. அதனால ஐலா இல்ல, தனெலி.”

“அப்ப யாரு?”

“மிர்வாவோட உடம்பு. ஷோக்ரன்னு ஒரு நோய். கண்ணீர்ச் சுரப்பி, எச்சில் சுரப்பி எல்லாத்தையும் உடம்பே எதிரின்னு நினைச்சு அழிக்கும். இப்ப தண்டுவடத்துக்கு வந்திருக்கு. வாயை ஒருத்தர்கிட்ட சொன்னாங்க, கண்ணை இன்னொருத்தர்கிட்ட, விரலை வேறொருத்தர்கிட்ட. யாரும் சேர்த்துப் பார்க்கல. அவங்க அழலைங்கறதை மட்டும் எல்லாரும் பார்த்தீங்க.”

தனெலி தொப்பியைக் கையில் சுருட்டினான். “நடப்பாளா?”

“தெரியாதாம். சிலர் நல்லா நடப்பாங்க, சிலர் கொஞ்சம். மறுபடி வராம இருக்க மருந்து தொடங்கியாச்சு.”

ஐலா மூலையிலிருந்து முன்னால் வந்தாள். “அவளுக்கு அழணும்னு இருந்துதா?”

“அதை நான் விசாரிக்கல. நீங்க கேளுங்க.”

ஐலா உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. கட்டிலருகே போய் நின்றாள். மன்னிப்பு கேட்கவில்லை; அவர்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை.

“வந்துட்டியா?” என்றாள் மிர்வா. “போர்வையத் தூக்கிப் பாரு. கால் நேரா இருக்கா? எனக்குத் தெரியல.”

ஐலா போர்வையை விலக்கினாள். “இல்லடி. வலது பாதம் கோணிக்கிடக்கு.”

அவள் பாதத்தை இரு கையாலும் எடுத்து நேராக வைத்தாள். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

“பிடிச்சிருக்கியா?”

“பிடிச்சிருக்கேன்.”