கம்பத்துக்குள் கேட்ட பாட்டு

துறைமுகக் கொட்டகையில் நாற்பதடி தேவதாரு மரம் சட்டங்களின் மேல் மல்லாந்து கிடந்தது. நாளைக் காலை ஊரே கூடிக் கயிறு கட்டி அதை நிமிர்த்தும். இந்தக் கரையில் முதலில் குடியேறியவர்கள் யார் என்பதை, வருகிற படகுகளுக்கெல்லாம் சொல்லப்போகும் குலக்கம்பம் அது. அதில் செதுக்கியிருந்த காக்கையின் கண்ணுக்குக் கருப்பு தீட்டிக்கொண்டிருந்தாள் வெர்னா. வெளியே மழை... கடலை மூடுபனி விழுங்கியிருந்தது.

அப்போதுதான் மரம் பாடியது.

ஆணா பெண்ணா என்று தெரியாத ஈரக் குரல். அவளுடைய காக்கை குலத்தின் இரங்கல் பாட்டு! வேறு குலத்தார் யாரும் அதைப் பாடக் கூடாது. கடைசியாகப் பாடிய வால்டர், பதினொரு வருடத்துக்கு முன் கடலோடு போனவர். உடல்கூடக் கிடைக்கவில்லை.

பாட்டு நின்றது. கம்பத்தின் அடியிலிருந்து ஒரு கை நீண்டது...

அலறியபடி சாயக் கிண்ணத்தை வீசினாள்.

"ஐயோ, என் மூக்கு!"

கம்பத்தின் முதுகுப்பக்கம் குடைந்திருந்த பள்ளத்துக்குள்ளிருந்து ஒருவன் ஊர்ந்து வந்தான். முகமெல்லாம் கருப்பு. நடுவே மழையில் நனைந்த கூழாங்கற்களாக இரண்டு கண்கள்... வெர்னாவுக்கு மூச்சு ஒரு கணம் தவறியது.

"பக்கத்துத் தீவுலேர்ந்து வந்திருக்கேன். சைலஸ். உள்பக்கம் இழைக்கணும்னு சிற்பி கூப்பிட்டாரு. கொல்லவா பாத்தீங்க?"

"எழவுப் பாட்டைப் பாடிக்கிட்டா இழைப்பாங்க?"

"நானா? நீங்கதானே பாடினீங்க! எங்க வீட்டுப் பாட்டாச்சேன்னு உளியை வெச்சுட்டுக் கேட்டேன்."

எங்க வீட்டுப் பாட்டா? அப்படியானால் இவனும் காக்கை குலம்... ஒரே குலத்தில் கல்யாணம் ஏது? சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சரிங்கண்ணா. போய் முகம் கழுவுங்க."

"அண்ணனா! குலம் அம்மா வழிதானே வரும்? நான் கழுகுங்க. பாட்டு அப்பாவோடது. வால்டர் மகன் நான்."

கழுகு! முறைதான்! கன்னம் சூடேறிய மறுகணமே முதுகு சில்லிட்டது. அவனும் பாடவில்லை, அவளும் பாடவில்லை... கொட்டகையில் வேறு ஆளே இல்லை.

இருவரும் மெல்லத் திரும்பினார்கள்.

காலியான பள்ளத்திலிருந்து மறுபடி எழுந்தது பாட்டு. இந்தமுறை தெளிவான ஆண் குரல். இரண்டே வரி.

"அப்பா..." என்றான் சைலஸ். தட்டுத் தடுமாறி வந்த அவன் கை, அவள் கையைப் பற்றிக்கொண்டது. கருப்பில் கோடு கிழித்துக்கொண்டு கண்ணீர் இறங்கியது. பிறகு மழைச் சத்தம் மட்டும்.

மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பயமா இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு..." அவள் நிமிரவில்லை. "பாட்டுக்கு இல்ல. நாளைக்கு கம்பம் நின்னதும் நீங்க கிளம்பிடுவீங்களே... அதுக்கு."

அவன் கையை விடவில்லை.

"நீங்க போன்னு சொன்னாத்தான் போவேன்..."

வெர்னா சொல்லவில்லை.