பதினான்கு வினாடி

மதிய ஷிப்டுக்கு வந்தவள் தோள்பையைக்கூட இறக்கவில்லை. சுவர்த் திரையில் அப்பா தெரிந்தார். கண் ஆஸ்பத்திரிக்குப் போக, அகலச் சாலையின் ஓரத்தில் கைத்தடியோடு நின்றிருந்தார்.

நகரத்துச் சிக்னல்களுக்கு நேரம் வைப்பது அவள் வேலை. அந்த இடத்தில் நடப்பவர்களுக்கு முப்பது வினாடி இருந்தது. மேலிடம் குறைக்கச் சொன்னது. பதினான்கு என்று தட்டியது அவள் விரல். போன மாதம் அங்கே ஒரு வயதான அம்மா பாதிச் சாலையில் அடிபட்டுச் செத்தாள். உத்தரவு என்னுடையதில்லையே என்று அவள் தினமும் தனக்குச் சொல்லிக்கொண்டாள். மனசு கேட்டால்தானே.

அப்பா நடந்தார். நடுவில் நின்றுவிட்டார்.

நான்கு. மூன்று.

ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை ஆள்காட்டி விரலால் அழுத்தினாள். அழுத்தியிருக்கும்வரைதான் வண்டிகள் நிற்கும். அறையில் வேறு யாருமில்லை. மறு கையால் அப்பாவைக் கூப்பிட்டாள்.

“ஏம்ப்பா நிக்கறீங்க? நடங்க!”

“எங்க நடக்கறது? ஒரு அம்மா கையப் புடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கறாங்க. உங்கம்மாகூட இப்படிப் புடிச்சதில்ல.” சிரித்தார். “கை ஐஸ் மாதிரி இருக்கும்மா.”

திரையில் அப்பா கைத்தடியை அக்குளில் இடுக்கி, போனோடு தனியாகத்தான் நின்றார். ஒரு கை மட்டும் பக்கவாட்டில் நீண்டிருந்தது.

அந்தக் கையின் மணிக்கட்டில், யாரோ இறுக்கிப் பிடித்ததுபோல் சட்டை கசங்கியிருந்தது.

“என்ன வேணுமாம்?”

“‘எந்த விரல், எந்த விரல்’னு கேக்கறாங்க. ஒண்ணும் புரியல.”

அவளுக்குப் புரிந்தது.

“என் விரல்தான்,” என்று போனுக்குள் கிசுகிசுத்தாள். “அப்பாவ விட்டுடுங்க.”

“அட! விட்டுட்டாங்கம்மா. எங்க போனாங்கன்னே தெரியல.”

மூடிய அறையில் சூடான தார் வாசனை வந்தது.

முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

பொத்தான்மேல் இருந்த விரலை ஈரமான ஏதோ ஒன்று தடவியது. தடவிப் பார்த்து, அடியில் நுழைந்தது. போனைப் போட்டுவிட்டு மறு கையைக் கொண்டுவந்தாள். அதையும் பிடித்துக்கொண்டது.

திரையில் அப்பா ஒரு அடி வைத்தார். கடக்க இன்னும் மூன்று வண்டித் தடங்கள் பாக்கி.

“அப்பா, ஓடுங்க!” சத்தம் தொண்டையைத் தாண்டவில்லை.

தரையில் கிடந்த போனில் அவர் குரல் நிம்மதியாகக் கேட்டது. “வண்டியெல்லாம் நிக்குது. நீ புடிச்சு வெச்சிருக்கல்ல? நான் மெதுவாவே போறேன்.”

அவள் விரல் பொத்தானிலிருந்து எழும்பத் தொடங்கியது.