தமாண்டாவின் திக்காத குரல்

ஒத்திகையைப் பதிந்திருந்த கைப்பேசியைக் காதில் வைத்துக் கடைசிவரை கேட்ட தமாண்டா, மறுபடி முதலிலிருந்து போட்டாள். அவள் குரல்தான். அவள் இருமல்தான். ஆனால் அது எங்குமே திக்கவில்லை.

பேச்சு வந்த நாளிலிருந்தே அவளுக்குத் திக்குவாய். சற்று முன்புகூட 'பெண்கள்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டு, உதடுகள் ஒட்டி, கண் கலங்கி, மேசையைத் தட்டித் தட்டித்தான் அதை வெளியே தள்ளியிருந்தாள். பதிவில் அந்தத் தட்டல் அப்படியே இருந்தது. தட்டலுக்கு மேலே 'பெண்கள்' எண்ணெயில் நழுவினதுபோல நழுவிப் போனது.

மறுநாள் மாநாடு. ஏரிக்கரையில் உசிபா மீன் காயவைத்து விற்கும் பெண்களோடு வருஷக்கணக்காக வெயிலில் நின்று செய்த ஆய்வை அவள் மேடையில் சொல்லியாக வேண்டும். "கஷ்டமா இருந்தா லுசுங்கு படிக்கட்டும்மா" என்று பேராசிரியர் கலிலோம்பே கனிவாகத்தான் சொன்னார். அந்தக் கனிவுதான் அவளைச் சுட்டது. லுசுங்கு அவளோடு ஒரே அறையில் தங்கியிருப்பவள். அதே ஆய்வில் உதவியாளர். எதையும் தேன்போலப் பேசுவாள்.

லுசுங்கு அடுப்பில் ந்சீமாக் களி கிளறிக்கொண்டிருந்தாள்.

"எ... என் போனை எடுத்தியா?"

"எடுத்து நான் என்னடி பண்ணப்போறேன்?"

"வெ... வெட்டி ஒட்டியிருக்கே."

லுசுங்கு பதிவைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே? திக்கினாலும் அழுவே, திக்கலேன்னாலும் அழுவியா? இவ்ளோ நல்லாப் பேசத் தெரிஞ்சவ, எங்ககிட்ட மட்டும் ஏன்டி நடிக்கிறே?"

அந்தக் கடைசிக் கேள்வி தமாண்டாவின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

காலையில் தனியாகவே மண்டபத்துக்குப் போனாள். ஸோம்பா மலையிலிருந்து இறங்கிய சிப்பெரோனி என்னும் குளிர்ச் சாரல் ஜன்னல்களை வெள்ளையாக மூடியிருந்தது. தரை மெழுகின் வாசனையும் ஈரக் கம்பளியின் வாடையும் காலியான நாற்காலிகளுக்கு நடுவே கலந்து நின்றன. எங்கேயோ ஒரு தகரக் கூரையில் தண்ணீர் விடாமல் சொட்டியது. கைப்பேசியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடியே பேசினாள். எப்போதும்போலத் திக்கினாள். பிறகு பதிவைப் போட்டாள்.

இந்த முறை குரல் அவளுக்கு முன்பே ஆரம்பித்திருந்தது. அது தெளிவாகச் சொல்லி முடித்த பிறகுதான், பின்னால், மெலிதாக, அவளுடைய திக்கல் கேட்டது. இடையில் இரண்டு பேர் மூச்சு விட்டார்கள்.

மேடைத் திரை அசைந்தது. லுசுங்கு ஒளிந்திருக்கிறாள்! பாய்ந்து போய் விலக்கினாள். சுவர். ஈரமான வெறும் சுவர். அதில் ஆள் உயரத்தில், மூச்சுப் பட்டதுபோல வட்டமாக ஓர் ஆவிப் படலம். அவள் பார்க்கப் பார்க்க அது சுருங்கி மறைந்தது.

மண்டபம் நிறைந்தது. அவள் பெயரை அழைத்தார்கள். கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு மேடையேறினாள். கலிலோம்பே முன்வரிசையில். லுசுங்கு ஓரத்தில், கையில் தண்ணீர் டம்ளரோடு.

தமாண்டா மூச்சை இழுத்தாள். உதடு பிரியவில்லை.

"அனைவருக்கும் வணக்கம்" என்றது ஒலிபெருக்கி.

அவள் குரல். தேன்போல.

லுசுங்குதான், எங்கேயோ பதிவை ஓடவிடுகிறாள் என்று தோன்றியது. ஆனால் லுசுங்குவின் கைகளில் டம்ளர் தவிர ஒன்றுமில்லை. அவள் வாய் பிளந்து, பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். தமாண்டா ஒலிவாங்கியின் கம்பியைப் பிடுங்கி எறிந்தாள்.

குரல் நிற்கவில்லை. இப்போது அது ஒலிபெருக்கியிலிருந்து வரவில்லை. அவளுக்கு வலப்பக்கத்திலிருந்து வந்தது. கன்னத்தில் சூடாக மூச்சு பட்டது.

"இ... இது நா... நான் இல்ல!"

யாரும் திரும்பவில்லை. எல்லாக் கண்களும் அவளுக்கு ஒரு முழம் வலப்பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தன. பேனாக்கள் ஓடின. கலிலோம்பே மட்டும் முகம் சுளித்து, மெதுவாகச் சொன்னார்: "யாரும்மா அது? கொஞ்சம் தள்ளி நில்லு. தமாண்டா பேசட்டும்."

அவள் கத்தினாள். சத்தம் வரவில்லை. முதல் எழுத்திலேயே நின்றது. உதடு ஒட்டியது. ஒட்டியே இருந்தது.

கைதட்டல். எழுந்து நின்று தட்டினார்கள். லுசுங்கு ஓடிவந்தாள்.

"கலக்கிட்டேடி தமாண்டா! தொண்ட காஞ்சிருக்கும், இந்தா."

டம்ளர் தமாண்டாவின் முகத்தைத் தாண்டிப் போனது. வெறும் காற்றில், வாய் உயரத்தில் நின்றது. லுசுங்கு கையை எடுத்துவிட்டாள்.

டம்ளர் விழவில்லை. மெல்லச் சாய்ந்தது. தண்ணீர் குறையத் தொடங்கியது. மடக். மடக்.